லயம் என்றால் வீடுதானே? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இசைச் சொற்களை எந்த வாத்தியத்தில் காட்டுவது?

கொட்டகலைக் குருவி:
வணக்கம். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் 6ஆம், 7ஆம் தரப் பிள்ளைகள் 20 பேருக்கு சனிக்கிழமைகளில் 2 மணித்தியாலம் சங்கீத வகுப்பு. கையில் இருப்பது ஒரு ஆர்மோனியம் (நடுவில் 3 கட்டை ஊமை), 2 தப்பு (பறை), ஒரு உடுக்கு, ஒரு டோலக், 2 சோடி ஜால்ரா. அவ்வளவுதான். சுருதி, லயம், தாளம், நடை, காலம் என்று கரும்பலகையில் எழுதினால் எழுதிக்கொள்கிறார்கள், ஆனால் காதுக்குள் போகவில்லை. லயம் என்று சொன்னதும் எல்லாருக்கும் நாங்கள் குடியிருக்கும் 10 காம்பரா (அறை) வரிசை வீடுதான் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் அறிந்த லயம் அதுதான்.

எதிலிருந்து தொடங்கலாம், சுருதியா தாளமா? மாசி வேறு வருகிறது. காமன் கூத்துக்கு (ரதி மன்மதன் கதையை ஆடுவது) இந்த 2 தப்பையும்தான் கேட்பார்கள். பனியில் இரண்டுமே பொத்துப் பொத்தென்று கிடக்கின்றன. அதற்கும் வழி சொல்லுங்கள்.

சரளிவரிசை:
டீச்சர், சுருதியில் தொடங்குங்கள். சுருதி பிடிபடாத பிள்ளை எந்த ஸ்வரத்தையும் பிடிக்காது.

முதலில் கட்டைக் கணக்கு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து எண்ணினால் 1, 2, 3, 4, 5, 6, 7. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, ஏழரை கிடையாது, ஏனென்றால் 3க்கும் 4க்கும் நடுவிலும், 7க்கும் அடுத்த 1க்கும் நடுவிலும் கறுப்பு இல்லை. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

பெரிய ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் 5 முதல் 6. உங்கள் பிள்ளைகளின் குரல் இன்னும் உடையாத வயது, ஆணும் பெண்ணும் ஒன்றாகவே 5 கட்டையில் பாடலாம். மேல் ஸட்ஜத்தில் கழுத்து நரம்பு புடைத்தால் நாலரைக்கு இறக்குங்கள்.

மாயாமாளவகௌளை ராகம் 1 கட்டை சுருதியில் 1, ஒன்றரை, 3, 4, 5, ஐந்தரை, 7 என்று வரும். அதையே 5 கட்டைக்கு மாற்றினால் 5, ஐந்தரை, 7, 1, 2, இரண்டரை, நாலரை. இரண்டையும் வாசித்துக் காட்டி "பாட்டு மாறியதா, இடம் மாறியதா?" என்று கேளுங்கள். இடம்தான் மாறியது என்று ஒரு பிள்ளை சொன்னால் சுருதி என்றால் என்ன என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. பிறகுதான் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகள் எல்லாம்.

அடிகுச்சி:
சரளி அண்ணே சொல்வது வாய்ப்பாட்டு வகுப்புக்குச் சரி. இங்கே இருப்பது 3 கட்டை ஊமையான ஆர்மோனியம், நல்ல 2 தப்பு. பிள்ளைகள் தொட்டிலில் கிடக்கும்போதே தப்புச் சத்தம் கேட்டவர்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் முறை. தாளம் முதலில்.

லயத்தை இப்படிக் காட்டுங்கள். ஒருவர் தப்பில் சீராக அடிக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம், ஒரே அடி. மற்றவர்கள் 8 கைதட்டல் தட்டிவிட்டு அடுத்த 8ஐ மனதுக்குள் எண்ண வேண்டும். அந்த நேரம் தப்பும் நிற்க வேண்டும். அது முடிந்து வரும் தட்டில் எல்லாரும் ஒன்றாக விழுந்தால் அதுதான் லயம். முதல் தடவை 20 பேரும் 20 இடத்தில் விழுவார்கள், பெரும்பாலானவர்கள் முந்திக்கொண்டு. சத்தம் இல்லாத இடத்தில் எல்லாருக்கும் அவசரம் வரும். 3, 4 சனிக்கிழமையில் சேர்ந்துவிடும்.

அந்த 8ஐக் கையில் எண்ணுகிற முறை தாளம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், இது 4. பிறகு தட்டு வீச்சு (கையைத் திருப்பி வீசுவது), தட்டு வீச்சு. ஆதி தாளம் முடிந்தது. ஜால்ராவில் தட்டுக்குத் திறந்து அடி, வீச்சுக்கு மூடி அடி. அதே 8க்குள் பாடுவதை இரட்டிப்பு வேகத்தில் போட்டால் இரண்டாம் காலம். கை வேகம் மாறக் கூடாது, இதில்தான் எல்லாரும் விழுவார்கள்.

ஒவ்வொரு தட்டுக்குள்ளும் எத்தனை துண்டு என்பது நடை. 3 என்றால் திஸ்ரம், 4 சதுஸ்ரம், 5 கண்டம், 7 மிஸ்ரம், 9 சங்கீர்ணம். தகிட, தகதிமி, தகதகிட, தகிட தகதிமி, தகதிமி தகதகிட.

பசறைப்பக்கம்:
தகிட, தகதிமி என்ற சொற்கட்டு வாயில் நுழையாத பிள்ளைக்கு ஊர்ப் பெயர் நுழையும். பசறை 3. லுணுகலை 4. நுவரெலியா 5. "பசறை லுணுகலை" என்று சேர்த்துச் சொன்னால் 7, மிஸ்ரம் வந்துவிட்டது. "லுணுகலை நுவரெலியா" 9. பஸ் போர்டை வாசிப்பது மாதிரியே சொல்லிக்கொண்டு தட்டச் சொல்லுங்கள். பதுளை, கம்பளை 3க்கு ஆகும். கொட்டகலை, மஸ்கெலியா 4க்கு.

கொட்டகலைக் குருவி:
பசறை லுணுகலை அருமை! பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லுவார்கள்.

சரளிவரிசை:
நல்ல யோசனை. ஒரு திருத்தம் மட்டும். எழுத்தின் மாத்திரையைக் கவனிக்காமல் விட்டால் பிசகும். பசறை, லுணுகலை இரண்டும் சுத்தமானவை. கடைசி ஐகாரம் குறுகி 1 மாத்திரைதான் ஒலிக்கும், மற்றதெல்லாம் குறில். நுவரெலியாவில் "யா" நெடில், பிள்ளைகள் அதை இழுத்து 6 ஆக்கிவிடுவார்கள், கண்ட நடை திஸ்ரமாகிப் போகும். "நு வ ரெ லி ய" என்று குறுக்கிச் சொல்லச் சொல்லுங்கள். கொட்டகலையில் "கொட்" கொஞ்சம் கனக்கும். மஸ்கெலியாவில் முதலும் கனம், கடைசியும் நெடில், அதை விட்டுவிடலாம். அசை எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இடைவெளி சமமாக இல்லாவிட்டால் அது நடை இல்லை.

தாளத்தில் தொடங்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் தப்பை வைத்து சுருதியைக் காட்ட முடியாது. தீயில் காட்டிக் காய்ச்சும் ஒவ்வொரு தடவையும் அதன் ஒலி மாறுகிறது, ஆதார ஸட்ஜமாக எதையும் பிடிக்க முடியாது.

அடிகுச்சி:
ஆதார சுருதிக்குத் தப்பு ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுருதி ஏறுவது, இறங்குவது என்றால் என்ன என்று காட்ட உடுக்கை விட்டால் வேறு வாத்தியம் இல்லை. உடுக்கின் இடுப்பில் சுற்றிய பட்டையை இடது கையால் அழுத்தினால் கயிறு எல்லாம் உள்ளே இழுபட்டு இரண்டு பக்கத் தோலும் இறுகும், ஒலி ஏறும். விட்டால் இறங்கும். கையில் பிடித்த பிள்ளைக்கு இழுவிசை கூடினால் சுருதி கூடும் என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும், வார்த்தையே வேண்டாம். விரலால்தான் தட்ட வேண்டும், குச்சி போடாதீர்கள். தோல் மெல்லியது.

இப்போது தப்பு.

மலையில் தப்பு இறங்குவதற்குக் காரணம் குளிர் அல்ல, ஈரம். தோல் காற்றில் உள்ள நீரை உறிஞ்சும். நீர் ஏறினால் தோல் நீளும், கனமும் கூடும். இரண்டும் சேர்ந்து ஒலியைக் கீழே இழுக்கும். காய்ச்சுவது அந்த நீரை விரட்டத்தான். அதனால் தீயை விடக் காய்ந்த சூடுதான் முக்கியம். பச்சை விறகு போட்டால் புகையோடு நீராவியும் போய்த் தோலில் ஏறும், 10 நிமிடம் காய்ச்சினாலும் ஏறாது.

இந்தியாவில் வைக்கோல் போட்டுக் காய்ச்சுவார்கள். நமக்கு வைக்கோல் ஏது. நன்றாகக் காய்ந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளை) இருந்தால் போதும். கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது) முடிந்து குறைந்தது 2 மாதம் கூரைக்குக் கீழே கிடந்ததாக இருக்க வேண்டும். எரித்துத் தணலாக்கி, தப்பின் முகத்தைத் தணல் பக்கம் காட்டி, ஒரு முழத் தூரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். நிறுத்தக் கூடாது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை விரலால் சுண்டிப் பாருங்கள். பொத்தென்பது தொம்மென்று ஆகி, பிறகு டங்கென்று ஓட்டுச் சத்தம் வரும். அங்கே நிறுத்துங்கள். புறங்கையைத் தோலில் வைத்தால் சூடு பொறுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் தாண்டிவிட்டீர்கள்.

தாண்டினால் 2 கேடு. ஒன்று, விளிம்பில் பசை விடும். இரண்டு, தோல் அளவுக்கு மேல் காய்ந்து அடிகுச்சி படுகிற இடத்தில் வெடிக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அடியில் ஒரு சரசரப்புக் கேட்கும். கேட்டதும் அந்தத் தப்பைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

பனி இறங்குகிற இரவில் ஒரு காய்ச்சல் அரை மணித்தியாலம் நின்றால் பெரிய விடயம். ஆகவே கூத்துக்கு 2 தப்பு போதாது. 3 வேண்டும்: 2 ஆடுகளத்தில், 1 தணலில். சுற்றிச் சுற்றி மாற்றிக்கொள்வது.

கொட்டகலைக் குருவி:
அண்ணே, பிள்ளைகள் பாகத்தின் பெயர்களையும் கேட்கிறார்கள். எல்லாரும் "கட்டை", "குச்சி" என்றுதான் சொல்கிறார்கள்.

அடிகுச்சி:
வட்டச் சட்டம் ஒரே மரத்தில் வளைத்தது அல்ல. 3 வளைவுத் துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, மூட்டுகளில் இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். விட்டம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஒரு முகத்தில் மட்டும் தோல். வலது கையில் பிடிக்கிற குட்டையான தடித்த குச்சி அடிகுச்சி. இடது கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு, அது சிம்புக்குச்சி. அடிகுச்சி நடுவில் விழுந்தால் கனத்த ஒலி, சிம்பு தோலில் படுத்து விழுந்தால் சள்ளென்ற ஒலி. இந்த இரண்டுக்கும் பெயர் வைத்து எழுதச் சொல்லுங்கள். தெரிந்த ஒரு அடியைப் பிள்ளைகளே எழுத்தில் கொண்டுவந்துவிட்டால் சொற்கட்டு என்றால் என்ன என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை.

கண்டி வீதி:
பைபர் முகம் போட்ட தப்பு வாங்கிவிடுங்களேன். ஆணி முறுக்கினால் ஏறும், மழையிலும் இறங்காது, தீ வேண்டாம். பாடசாலைக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தணல் மூட்டுவது பாதுகாப்பும் இல்லை.

இன்னொன்று. உங்கள் பிள்ளைகள் பெரஹெர ஊர்வலம் பார்த்திருப்பார்கள். அங்கே வருகிற வாத்தியங்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். நடனக்காரர்களுக்கு வாசிப்பது கெட்ட பெரய, நீளமானது, இரண்டு பக்கமும் கையால். தவுல கட்டையாகப் பருத்தது, ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கை. நமது தவிலும் அப்படித்தான், ஒரு கையில் பூவரசங்குச்சி, மறு கை விரல்களில் கூடு. பெயரும் ஒட்டி வருகிறது. தம்மட்டம என்பது சோடிக் குடம் மாதிரி, 2 குச்சியால் அடிப்பது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அடிக்கிற பெரிய ரபானுக்கும் கீழே தணல் வைத்துத்தான் சூடேற்றுகிறார்கள். தப்புக்கும் அதற்கும் ஒரே வைத்தியம்.

அடிகுச்சி:
பைபர் முகம் ஒன்று வகுப்புக்கு வாங்குங்கள், தடையில்லை. ஆனால் கூத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் மேல் ஒலி மட்டும் துள்ளும், அடியில் தோலுக்கு இருக்கிற வயிறு இருக்காது. ரதி மன்மதன் ஆட்டத்துக்குக் காலில் விழ வேண்டியது அந்த அடி ஒலிதான். ஆணி முறுக்கும்போது எதிரெதிர் ஆணியாகக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் வளையம் கோணும், முகத்தில் 2 சுருதி கேட்கும்.

மலைச்சாரல்:
ஒரு விடயத்தை யாரும் சொல்லவில்லை. சில பெற்றோர் பிள்ளை கையில் தப்பைக் கொடுக்க விடமாட்டார்கள். சாவு மேளம் என்பார்கள், அதற்குப் பின்னால் சாதியும் இருக்கிறது. டீச்சர் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அடிகுச்சி:
சரியாகச் சொன்னீர்கள். சாவுக்கு ஒரு அடி, கோயிலுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, காமனுக்கு ஒரு அடி. வாத்தியம் ஒன்று, அடிகள் வேறு. விடிகாலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) ஆள் கூட்டியதும் இதே தப்புதான். ஒரே அட்டைப் பெட்டியில் ஒரு அடியைத் தட்டினால் துக்கம், இன்னொன்றைத் தட்டினால் திருவிழா என்று பெற்றோர் முன்னாலேயே காட்டலாம். தப்பைப் பிடிக்கிற பிள்ளையைத் தனியாக நிறுத்தாமல் எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதை வகுப்பின் சட்டமாக வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தப்படித்தவர்களை வாசலுக்கு வெளியே நிற்க வைத்த வழக்கம் வகுப்புக்குள் ஒரு நாள்கூட வரக் கூடாது.

மலைச்சாரல்:
நன்றி. முறை வைத்துப் பிடிப்பது நல்லது. பட்டியலைச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள் டீச்சர், யாரும் விலக முடியாது.

துருத்தி:
ஆர்மோனியத்தின் ஊமைக் கட்டைகளுக்கு வருவோம். முதலில் எந்த ரகம் என்று பாருங்கள். கட்டை கீழே போய் மேலே வரவில்லை என்றால் மரம் ஈரத்தில் உப்பிப் பக்கத்துக் கட்டையோடு உரசுகிறது. நன்றாக எழும்புகிறது, காற்றும் போகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் ரீட்டில் (உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு) தூசியோ களிம்போ. மலையில் பித்தளை சீக்கிரம் களிம்பேறும்.

உப்பியதற்கு உடனே உப்புத்தாள் போடாதீர்கள். வெயில் காலத்தில் அது சுருங்கி ஆடத் தொடங்கும். பெட்டியை ஒரு அலுமாரியில் வைத்து, பழைய மாதிரி 40 வோட் குண்டு பல்பு ஒன்றை அடியில் எரிய விட்டு ஒரு வாரம் பாருங்கள். பல்பு மரத்தையோ துணியையோ தொடக் கூடாது. எல்ஈடி போட்டால் பிரயோசனம் இல்லை, நமக்கு வேண்டியது சூடு. பாதிக்கு மேல் தானாகவே சரியாகும்.

ரீட்டுக்கு: மேல் பலகையைக் கழற்றி ரீட் பலகையைத் திருப்புங்கள். ஊமை ரீட்டின் நாக்குக்கு அடியில் மெல்லிய தாள் ஒன்றைச் செருகி மெதுவாக இழுங்கள், தூசி வந்துவிடும். களிம்பு இருந்தால் மென்மையான தூரிகை. எண்ணெய் ஒரு துளிகூடக் கூடாது, தூசியைப் பிடித்து மறுபடியும் ஊமையாகும். சுத்தம் செய்த பிறகு சுருதி பிசகியிருந்தால், நாக்கின் நுனியைச் சுரண்டினால் ஏறும், ஆணி அடித்த அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். 2, 3 கீறல் போட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, எனவே அதே ஸ்வரத்தின் மேல் அல்லது கீழ் எண்மத்தோடு (ஆக்டேவ்) ஒப்பிட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

கண்டி வீதி:
உயரமான இடத்தில் காற்று மெல்லியது, அதனால்தான் கொழும்பிலிருந்து வருகிற புல்லாங்குழல் நுவரெலியாவில் சுருதி சேராமல் போகிறது என்கிறார்களே, உண்மையா?

துருத்தி:
சேராமல் போவது உண்மை, காரணம் உயரம் இல்லை. காற்றழுத்தம் குறைந்தால் மட்டும் ஒலியின் வேகம் மாறாது. வெப்பநிலைதான் மாற்றும். 30 பாகையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும், 15 பாகையில் 340. அந்த வித்தியாசத்தில் குழல் ஏறக்குறைய கால் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். ஆர்மோனியத்தில் ஒலிப்பது உலோக நாக்கு, அது அவ்வளவு மாறாது. ஆகவே 2 வாத்தியமும் ஒட்டாது. வாசிப்பதற்கு முன் 5 நிமிடம் ஊதிக் குழலின் உட்பக்கத்தைச் சூடாக்கினால் இடைவெளி குறையும். நாதஸ்வரக்காரர்கள் சீவாளியை வாயில் வைத்து நனைத்துப் பதம் பார்த்து, கொஞ்சம் ஊதிவிட்டுத்தான் சுருதி பார்ப்பார்கள். சூடாகுமுன் குழலைச் சுருதி சேர்க்காதீர்கள், பாட்டு நடுவில் ஏறிவிடும்.

கொட்டகலைக் குருவி:
எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன். பாட்டு வகைகளும் கேட்கலாமா? தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரளிவரிசை:
இரண்டாகப் பிரியுங்கள், போதும். கும்மி, கோலாட்டம் தாளக்கட்டு உள்ளவை. கையோ கோலோ சேர வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் தாளத்துக்குள் அடங்காதவை, மூச்சுதான் வரியின் நீளத்தைத் தீர்மானிக்கும். ஒப்பாரியைத் தாளத்தில் அடைத்து மேடைக்குத் தயார் செய்யாதீர்கள், அதன் உயிர் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. தெம்மாங்கு இரண்டு மாதிரியும் வரும்: இழுத்துத் தொடங்கி, பிறகு தாளத்தில் விழும்.

கொட்டகலைக் குருவி:
கடைசியாக ஒன்று, அடிகுச்சி அண்ணே. மூன்றாவது தப்புக்குச் சட்டம் கிடைத்துவிட்டது, தோல் கிழிந்தது. மரத் தளபாடத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசை போட்டுப் புதுத்தோல் ஒட்டலாமா?

அடிகுச்சி:
வேண்டாம். அந்தப் பசை சூட்டில் இளகும். முதல் காய்ச்சலிலேயே விளிம்பு விட்டுவிடும்.

புளியங்கொட்டைப் பசைதான். கொட்டையை வறுத்துத் தோலை உரித்து, இரவு முழுக்க ஊறப் போட்டு, அரைத்து, அடி பிடிக்காமல் கிண்டிக் கூழாகக் காய்ச்ச வேண்டும். கரண்டியைத் தூக்கினால் கயிறு மாதிரி இறங்குகிற பதம். மயிர் நீக்கிய கன்றுத் தோலையும் இரவு ஊற வையுங்கள். சட்டத்தின் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பூசி, ஈரத் தோலை எதிரெதிராக இழுத்துக் கட்டுங்கள். அளவோடு இழுங்கள். காயும்போது தோல் தானாகச் சுருங்கும், இப்போதே முழுக்க இறுக்கினால் அப்போது கிழியும், அல்லது சட்டத்தின் மூட்டு விலகும்.

நிழலில் காய வேண்டும். நேர் வெயிலில் போட்டால் ஓரம் முதலில் காய்ந்து நடு தொய்யும். கீழ்நாட்டில் 2, 3 நாள் என்றால் கொட்டகலைப் பக்கம் ஒரு வாரம் வையுங்கள். மழை பிடித்துவிட்டால் தோல் காயுமுன் பூஞ்சணம் பிடித்து நாறத் தொடங்கும், அதனால் இந்த வாரம் வெயில் இருக்கும்போதே கட்டிவிடுங்கள். இரவில் அடுப்படிச் சுவரில் மாட்டலாம். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், கரி எண்ணெய் படிந்து தோல் விறைத்துவிடும்.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் விளிம்பைச் சுற்றிலும் நகத்தால் தட்டிப் பாருங்கள். எங்காவது டொக்கென்று கேட்டால் உள்ளே பசை காயவில்லை. இன்னும் 2 நாள்.